நாள் கணக்கு ஒருத்திக்கு மட்டும்தானா?





இந்த இதழ் உங்கள் கைக்கு வரும் நாட்களில், உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருப்பார்கள். தழும்பில்லாத நவீன ஆண் கருத்தடை சிகிச்சை இருவார விழா பற்றிய நோட்டீஸ். ஆண்டுதோறும் நவம்பர் 21 முதல் டிசம்பர் 4 வரை நாடு முழுக்க நடக்கும் பிரசாரம் இது. கிராம சுகாதார செவிலியர்கள் வீடு வீடாகப் போய்ச் சொல்வார்கள். உட்கார்ந்து கேட்பவர்கள் பெரும்பாலும் பெண்கள்தான். ஆண்கள் வேலைக்குப் போயிருப்பார்கள். வீட்டில் இருப்பவரும், "அதெல்லாம் அவகிட்ட பேசிக்கோங்க சிஸ்டர்" என்று சட்டையை மாட்டிக்கொண்டு டீக்கடைப் பக்கம் கிளம்பிவிடுவார்.

இந்த மாதம் அதைப் பற்றியே உங்களோடு பேசலாம் என்று நினைத்தேன். அதற்கு, நீங்கள் எழுதும் கடிதங்கள்தான் காரணம். மருத்துவக் கேள்வி பதில் பகுதிக்கு வருபவற்றில் பெயர் போடாத கடிதங்கள் நிறைய. கேள்வி கருத்தடை பற்றியதாக இருக்கும். இரண்டு வரி தாண்டியதும் தூக்கம் வரவில்லை, நெஞ்சு படபடக்கிறது, பிள்ளைகள் மீது எரிந்து விழுகிறேன் என்று வேறொரு விஷயம் வரும். நாள் இரண்டு தள்ளிப் போனாலே சோறு இறங்கவில்லை என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். மாத்திரை போட்டால் பிறகு குழந்தையே பிறக்காது என்று மாமியார் சொல்கிறார், நிஜமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஆபரேஷன் செய்துகொண்ட பிறகும் பயம் போகவில்லை என்பவர்களும் உண்டு.

கருத்தடைக்கு ஒரு டாக்டர், மன அழுத்தத்துக்கு இன்னொரு டாக்டர் என்று நாம் பிரித்துவைத்திருக்கிறோம். அந்தக் கடிதங்களில் இரண்டும் பிரியாமல்தான் கிடக்கின்றன. பயத்துக்குக் காரணம் கர்ப்பப்பை மட்டும் என்றால் மாத்திரை எழுதிக் கொடுத்துவிடலாம். அந்தப் பயத்தை ஒருத்தி தனியாகச் சுமக்கிறாள் என்பதுதான் பெரிய காரணம். அதற்கு மருந்துக் கடையில் மாத்திரை கிடையாது.

புள்ளிவிவரம் இதை இன்னும் தெளிவாகச் சொல்கிறது. 2019–21-இல் நடந்த ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் திருமணமான, 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 37.9 சதவீதம் பேர் கருத்தடை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள். ஆண் அறுவை சிகிச்சையை நம்பியிருக்கும் தம்பதிகள் 0.3 சதவீதம். ஆணுறை பயன்படுத்துவோர் பத்து சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. தமிழ்நாட்டிலோ, திருமணமான பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். அதே ஆய்வில் ஆண்களிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். கருத்தடை என்பது பெண்கள் பார்த்துக்கொள்ள வேண்டிய விஷயம், ஆண் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை என்பதை ஒப்புக்கொள்கிறீர்களா? ஆமாம் என்றவர்கள் 35.1 சதவீதம். மூன்றில் ஓர் ஆண்!

இது ஆதி காலத்திலிருந்து இப்படியே இருந்து வந்தது என்று நினைக்க வேண்டாம். அரசாங்கமே குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கிய முதல் நாடு இந்தியா. 1952-இல் தொடங்கியது. 1960-களில் அந்தத் திட்டத்தில் அறுவை சிகிச்சை என்றாலே முதலில் ஆண்களுக்குத்தான். அதில் முன்னே நின்றது நமது சென்னை ராஜ்ஜியம். 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஆர்.ஏ. கோபாலசாமி, பிறகு இங்கே தலைமைச் செயலாளராக இருந்தபோது ஆண் அறுவை சிகிச்சையைத் தீவிரமாக முன்னெடுத்தார். செய்துகொண்டவர்களுக்கு ஊக்கத்தொகை கொடுக்கும் ஏற்பாடும் அப்போது இங்கே வந்தது. பக்கத்துக் கேரளத்தில், 1971 ஜூலையில், எர்ணாகுளம் கலெக்டர் எஸ். கிருஷ்ணகுமார் நடத்திய முகாமில் ஒரே மாதத்தில் 60,000-க்கும் மேற்பட்ட ஆண்கள் சிகிச்சை செய்துகொண்டார்கள். பணமும் பரிசுப் பொருள்களும் கொடுத்துக் கூட்டிய கூட்டம்தான் அது. ஆனாலும் வரிசையில் நின்றவர்கள் ஆண்கள்.

பிறகு வந்தது நெருக்கடி நிலை. 1976–77 என்ற ஒரே ஆண்டில் நாடு முழுவதும் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவை சிகிச்சைகள். அதில் 62 லட்சம் பேர் ஆண்கள். இலக்கு வைத்து, மிரட்டி, வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய் நடத்திய கொடுமைகள் வட மாநிலங்களில் அதிகம். 1977 தேர்தலில் மக்கள் அதற்குப் பதில் சொன்னார்கள். அந்தப் பயம் ஆண்களிடம் தங்கிவிட்டது. இனி ஆண்களிடம் போனால் ஓட்டு போகும் என்ற பயம் அரசாங்கங்களிடம் தங்கிவிட்டது. பிறகு திட்டம் மெல்லப் பெண்கள் பக்கம் திரும்பியது. பெண்கள் பிரசவத்துக்கு எப்படியும் ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். எதிர்த்துப் பேசவும் மாட்டார்கள். ஆண்களுக்கு நேர்ந்த அநீதிக்கு ஈடாக, அடுத்த ஐம்பது ஆண்டுகள் பெண்கள் கத்திக்கு அடியில் படுத்தார்கள் என்று சொன்னால் மிகையில்லை.

அதன் விலை என்ன என்பதை 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் மாவட்டம் காட்டியது. ஒரே முகாமில், சில மணி நேரத்தில், 83 பெண்களுக்கு அறுவை சிகிச்சை செய்தார்கள். பத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். எல்லோரும் இளம் தாய்மார்கள். இப்படி முகாம் போட்டு அறுவை சிகிச்சை செய்வதை மூன்று ஆண்டுகளுக்குள் நிறுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016-இல் உத்தரவிட்டது.

தமிழ்நாட்டின் அரசு மருத்துவமனைகள் எவ்வளவோ மேல். பிரசவத்தில் தாய் இறப்பதைக் குறைத்ததிலும், குழந்தைகளைக் காப்பாற்றியதிலும் நம் செவிலியர்களும் டாக்டர்களும் செய்திருப்பது பெரிய சாதனை. 2019–21 ஆய்வின்படி, ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தை என்ற நிலைக்கு வந்துவிட்டோம். ஆனால் அந்தச் சாதனைக்கு நாம் பயன்படுத்தியது அநேகமாக ஒரே ஒரு வழி. இரண்டாவது பிரசவம், கையோடு ஆபரேஷன். "கு.க. பண்ணியாச்சு" என்றால் கதை முடிந்தது. அதற்கு முன்னால், கல்யாணத்திலிருந்து அந்த ஆபரேஷன் வரை உள்ள ஐந்து, எட்டு, பத்து ஆண்டுகள் எப்படிப் போகின்றன? உங்கள் கடிதங்களில் வரும் தவிப்பு முழுவதும் அந்த ஆண்டுகளில்தான் இருக்கிறது.

கல்யாணமாகி மூன்றாவது மாதமே "ஏதாவது விசேஷம் உண்டா?" என்று கேட்கத் தொடங்கிவிடுகிறோம். வளைகாப்பு வீட்டில், கோயில் பிராகாரத்தில், ரேஷன் கடை வரிசையில் எங்கே பார்த்தாலும் அதே கேள்வி. படிப்பை முடிக்க வேண்டும், வேலையில் நிரந்தரமாக வேண்டும், கொஞ்ச நாள் ஒருவரை ஒருவர் தெரிந்துகொள்ள வேண்டும் என்று தம்பதி நினைத்தால், அதைச் சொல்ல அவர்களுக்கு வாய் வராது. தள்ளிப்போட என்ன வழி என்று கேட்க ஆளும் இருக்காது. ஆக, காலண்டரில் நாள் எண்ணுவதும், கணவரின் சுயகட்டுப்பாட்டை நம்புவதும்தான் வழி என்றாகிவிடுகிறது. இரண்டுமே அடிக்கடி தவறிப்போகிற வழிகள். தவறிப்போனால் கணக்குத் தப்பியது யார் என்று கேட்கும்போது, பதில் சொல்ல வேண்டியவள் அவள்.

இந்த இடத்தில் உடம்பு ஒரு விளையாட்டும் காட்டும். மாதவிலக்கு வருவதற்கான முதல் உத்தரவு மூளையில் உள்ள ஹைப்போதலாமஸ் என்ற சிறு பகுதியிலிருந்து கிளம்புகிறது. அங்கிருந்து பிட்யூட்டரிக்கு, பிட்யூட்டரியிலிருந்து சூலகத்துக்கு. மனம் கடுமையான நெருக்கடியில் இருந்தால், தூக்கம் கெட்டால், எடை திடீரென்று இறங்கினால், அந்த முதல் உத்தரவே தாமதமாகும். கருமுட்டை தாமதமாக வெளிவரும், மாதவிலக்கும் தள்ளிப் போகும். பரீட்சை மாதத்தில் கல்லூரிப் பெண்களுக்கு நாள் தள்ளிப் போவது இதனால்தான். ஆக, கர்ப்பமோ என்ற கவலையும் சேர்ந்து நாளைத் தள்ளிப் போட வைக்கலாம். நாள் தள்ளத் தள்ளக் கவலை கூடும். இந்தச் சுழலை உடைக்க எளிய வழி இருக்கிறது. வர வேண்டிய நாள் கடந்து ஒரு வாரம் ஆகிவிட்டால், மருந்துக் கடையில் கிடைக்கும் சிறுநீர்ப் பரிசோதனை அட்டையை வாங்கிக் காலையில் முதல் சிறுநீரில் பார்த்துவிடுங்கள். ஆமாம், இல்லை என்று தெரிந்துவிட்டால் அடுத்து என்ன என்று யோசிக்கலாம். தெரியாமல் தவிக்கும் பத்து நாள்தான் ஆளைத் தின்னும்.

சரி, வழிகள் என்ன இருக்கின்றன? பெரும்பாலானவை அரசு மருத்துவமனைகளில் இலவசம். டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும் என்பது தெரிய வேண்டும் என்பதற்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

மாலா-என் என்ற தினசரி மாத்திரை அட்டையில் 28 மாத்திரைகள். 21 ஹார்மோன் மாத்திரை, 7 இரும்புச்சத்து மாத்திரை. மறக்காமல் போட்டால் நன்றாக வேலை செய்யும். முதல் ஒன்றிரண்டு மாதம் குமட்டல் இருக்கலாம். ரத்த அழுத்தம் உள்ளவர்கள், பார்வை மங்கி வரும் ஒற்றைத் தலைவலி உள்ளவர்கள், கைக்குழந்தைக்குப் பால் கொடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடக் கூடாது. நிறுத்தினால் கருத்தரிக்கும் தன்மை திரும்பிவிடும். "பிறகு குழந்தையே பிறக்காது" என்பது வெறும் பயமுறுத்தல்.

சாயா என்ற வாரம் ஒரு முறை மாத்திரை நம் நாட்டின் சொந்தக் கண்டுபிடிப்பு. லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய சென்ட்குரோமன் என்ற மருந்து இது. 1991-இல் சஹேலி என்ற பெயரில் கடைக்கு வந்தது. வழக்கமான கருத்தடை ஹார்மோன் இதில் இல்லை. அதனால் பால் கொடுக்கும் தாய்மார்களும் போடலாம். முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, பிறகு வாரத்துக்கு ஒன்று. சிலருக்கு மாதவிலக்கு சற்றுத் தள்ளித் தள்ளி வரும். அதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் யாரும் பதற மாட்டார்கள். சொல்லாமல் அட்டையை மட்டும் கையில் கொடுத்து அனுப்புவதால்தான் இரண்டாவது மாதமே மாத்திரை குப்பைக்குப் போகிறது.

அந்தரா என்பது மூன்று மாதத்துக்கு ஒரு முறை போடும் ஊசி. வீட்டில் யாருக்கும் தெரியாமல் பாதுகாப்பு வேண்டும் என்ற நிலையில் இருக்கும் பெண்களுக்கு உதவுகிறது. மாதவிலக்கு ஒழுங்கு மாறும். ஊசியை நிறுத்தியபின் கரு தங்கச் சில மாதங்கள் ஆகும். அடுத்த ஆண்டே குழந்தை வேண்டும் என்பவர்கள் இதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

காப்பர்-டி ஐந்து ஆண்டு, பத்து ஆண்டு என்று இரண்டு வகையில் உண்டு. பிரசவமான 48 மணி நேரத்துக்குள்ளும் பொருத்தலாம். அது நெஞ்சுக்கு ஏறிவிடும் என்ற கதையை நம்பாதீர்கள். கர்ப்பப்பைக்கும் நெஞ்சுக்கும் அப்படி வழி ஒன்றும் இல்லை. ஆனால் முதல் சில மாதங்களில் ரத்தப்போக்கும் வயிற்று வலியும் கூடலாம் என்பது உண்மை. உங்களுக்கு அதைப் பொருத்துமுன் உங்கள் சம்மதத்தைக் கேட்பது மருத்துவமனையின் கடமை. கேட்டுத் தெரிந்துகொள்வது உங்கள் உரிமை.

பால் கொடுக்கும் வரை கரு தங்காது என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. குழந்தைக்கு ஆறு மாதம் ஆகியிருக்கக் கூடாது. இரவும் பகலும் தாய்ப்பால் தவிர வேறொன்றும் கொடுத்திருக்கக் கூடாது. மாதவிலக்கு திரும்பியிருக்கக் கூடாது. மூன்றும் சேர்ந்தால்தான் அந்த நம்பிக்கை நிற்கும். ஒன்று தவறினாலும் வேறு வழி தேட வேண்டும்.

ஆணுறையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கருவையும் தடுத்து, பால்வினை நோய்களையும் எய்ட்ஸ் கிருமியையும் தடுப்பது அது ஒன்றுதான். பெண்ணின் உடம்புக்குள் எந்த மருந்தும் போவதில்லை. நிரோத் ஆணுறை 1968-லேயே மலிவு விலையில் கடைக்கு வந்துவிட்டது. 2000-களின் தொடக்கத்தில் "புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" என்று தமிழ்நாட்டுச் சுவர்கள் எல்லாம் கேட்டதும் நினைவிருக்கும். அத்தனை விளம்பரத்துக்குப் பிறகும், கடையில் கூட்டம் கலையும் வரை காத்திருந்து, பழைய செய்தித்தாளில் சுற்றி வாங்கிப் போகிற பொருளாகத்தான் அது இருக்கிறது.

அடுத்து, அவசரக் கருத்தடை மாத்திரை. உறவுக்குப் பின் 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் போட வேண்டியது. ஆணுறை கிழிந்தது, மாத்திரை மறந்தது, பலாத்காரம் நடந்தது போன்ற நேரங்களுக்கானது. இது கருக்கலைப்பு மாத்திரை அல்ல. கருமுட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடுகிறது, அவ்வளவுதான். ஏற்கெனவே தங்கிவிட்ட கருவை இது ஒன்றும் செய்யாது. 2005-லிருந்து டாக்டர் சீட்டு இல்லாமலே வாங்கலாம் என்ற நிலை நாட்டில் இருக்கிறது. ஆனால் தமிழ்நாட்டின் மருந்துக் கடைகளில் கேட்டுப் பாருங்கள். நீண்ட காலமாகவே பல கடைகளில் "இல்லைங்க" என்ற பதில்தான். அரசு தடை போட்டிருக்கிறதா என்றால் அப்படி ஒன்றும் இல்லை என்று அதிகாரிகள் பத்திரிகைகளிடம் சொல்லியிருக்கிறார்கள். தடை இல்லை, மாத்திரையும் இல்லை. பெண்ணை நம்பாத ஒரு சமூகம், சட்டம் போடாமலே ஒரு மருந்தை மறையவைக்க முடியும் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டாம்.

அந்த மாத்திரை கிடைக்காததால் என்ன ஆகிறது? இரண்டு மாதம் கழித்து யாரோ ஒருவர் கலைப்பு மாத்திரையைக் கடையில் வாங்கித் தருகிறார். இதுதான் உண்மையில் ஆபத்து. கருக்கலைப்பு மாத்திரை டாக்டர் பார்த்து, ஒன்பது வாரத்துக்குள் கொடுக்க வேண்டியது. கரு கர்ப்பப்பைக்கு வெளியே குழாயில் தங்கியிருந்தால் இந்த மாத்திரையால் அது கலையாது. குழாய் வெடித்து உயிருக்கே ஆபத்தாகலாம். சட்டம் பெண்ணின் பக்கம்தான் இருக்கிறது. 1971-இலேயே கருக்கலைப்புக்குச் சட்டம் வந்துவிட்டது. 2021 திருத்தத்தின்படி 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்து போதும். குறிப்பிட்ட சில நிலைகளில் 24 வாரம் வரை இரண்டு டாக்டர்கள் பார்த்து முடிவு செய்யலாம். கருத்தடை தோற்றுப்போனதைக் காரணமாகச் சொல்லும் உரிமை திருமணமாகாத பெண்ணுக்கும் உண்டு. 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், இந்த விஷயத்தில் மணமானவள், மணமாகாதவள் என்று பேதம் பார்க்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. பெயரை வெளியே சொல்லும் டாக்டருக்குத் தண்டனையும் சட்டத்தில் இருக்கிறது. கூட்டமான ஓ.பி.யில் "கல்யாணம் ஆயிடுச்சாம்மா?" என்று உரக்கக் கேட்கும் வழக்கம் மட்டும் இன்னும் மாறவில்லை. மருத்துவமனைகளில் வேலை செய்யும் வாசகர்களே, அந்தக் கேள்வியைக் கொஞ்சம் மெதுவாகக் கேளுங்கள். அந்தப் பெண் அடுத்த முறை வருவாளா, போலி டாக்டரிடம் போவாளா என்பது உங்கள் குரலில்தான் இருக்கிறது.

ஆண் வாசகர்களோடும் கொஞ்சம் பேச வேண்டும். உங்களைத் திட்டுவதற்காக இல்லை. இந்த விஷயத்தில் உங்களுக்கும் யாரும் நல்லபடியாகச் சொல்லித் தரவில்லை. பள்ளியில் அந்தப் பாடத்தை "நீங்களே படிச்சுக்கோங்க" என்று தாண்டிப்போன ஆசிரியர்கள் நம் எல்லோருக்கும் உண்டு. பிறகு கிடைத்தது, நண்பர்களின் கைபேசியும், லாட்ஜில் அறை எடுத்து மாதம் ஒரு முறை வந்துபோகும் வைத்தியர்களின் விளம்பரமும். "இளமையில் செய்த தவறு" என்று பயமுறுத்தியே காசு பார்த்த கூட்டம் அது. சுய இன்பத்தால் நரம்பு தளர்வதும் இல்லை, ஆண்மை போவதும் இல்லை. அந்தப் பயம்தான் கல்யாணத்துக்குப் பிறகு எத்தனையோ இளைஞர்களுக்குப் படுக்கையறையில் பதற்றமாகித் தடையாகிறது. மனநல மருத்துவர் மாத்ருபூதம் விஜய் டிவியில் 'புதிரா புனிதமா' நிகழ்ச்சியில் இதையெல்லாம் சிரித்துக்கொண்டே பேசியபோது, கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தவர்கள் ஏராளம். ஆனால் பார்த்தார்கள். பேச ஆள் கிடைத்தால் கேட்க நம் மக்கள் தயாராகத்தான் இருக்கிறார்கள்.

இப்போது அந்த நோட்டீஸ் சொல்லும் சிகிச்சைக்கு வருகிறேன். கத்தி வைக்காமல் செய்யும் இந்த முறையை 1974-இல் சீனாவின் சிச்சுவான் மாகாணத்து மருத்துவர் லி ஷுன்சியாங் உருவாக்கினார். மரத்துப்போக ஒரு ஊசி, தோலில் சிறு துளை, விந்தணு வரும் குழாயை எடுத்து அடைத்துவிடுகிறார்கள். தையல் இல்லை. பதினைந்து இருபது நிமிடத்தில் முடியும், அன்றே வீட்டுக்குப் போகலாம். இரண்டு நாள் ஓய்வு, ஒரு வாரம் பாரம் தூக்காமல் இருந்தால் போதும். பெண்ணுக்குச் செய்வதோ வயிற்றைத் திறக்கும் சிகிச்சை. மயக்க மருந்து, தையல், ஆஸ்பத்திரிப் படுக்கை எல்லாம் உண்டு. எது எளிது என்பதை நீங்களே சொல்லுங்கள்.

பலம் போய்விடுமே, மூட்டை தூக்க முடியாதே, மூளை வேலை செய்யாதே என்ற பேச்சுகள் இன்றும் உலவுகின்றன. ஆண்மைக்கான ஹார்மோன் ரத்தத்தின் வழியே உடம்பில் கலக்கிறது. அடைக்கப்படும் குழாய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆசையும் குறையாது, எழுச்சியும் குறையாது. வெளிப்படும் விந்தின் அளவுகூடப் பார்த்தால் தெரியாத அளவுக்குத்தான் மாறும். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. சிகிச்சை முடிந்ததும் பாதுகாப்பு வந்துவிடாது. குழாயில் ஏற்கெனவே இருக்கும் விந்தணுக்கள் தீர மூன்று மாதம் ஆகும். அதுவரை ஆணுறை வேண்டும். மூன்று மாதம் கழித்து விந்துப் பரிசோதனை செய்து, அணுக்கள் இல்லை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் நிம்மதி. இதைச் செய்யாமல் விட்டுவிட்டு, மனைவி கருவுற்றதும் அவளைச் சந்தேகித்த கணவர்கள் உண்டு. நிரந்தரமான முடிவு என்பதையும் மனதில் வையுங்கள். திரும்பச் சேர்க்கும் அறுவை சிகிச்சை எல்லோருக்கும் பலிப்பதில்லை. இனிக் குழந்தை வேண்டாம் என்று இருவரும் தீர்மானித்த பிறகே செய்ய வேண்டும். காசுக்காகவோ அவசரத்திலோ செய்யக் கூடாது. வற்புறுத்தலால் என்ன நேர்ந்தது என்பதற்கு 1976 சாட்சி.

பெரியார் இந்த விஷயத்தை 1930-களிலேயே 'குடி அரசு' இதழில் பேசிவிட்டார். 'பெண் ஏன் அடிமையானாள்?' நூலில் கர்ப்பத்தடைக்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. தாயின் உடல்நலத்துக்காக, நாட்டின் பொருளாதாரத்துக்காக என்று மற்றவர்கள் கருத்தடையை ஆதரித்த காலத்தில், பெண்ணின் விடுதலைக்காக அது வேண்டும் என்றார் அவர். அந்த வாதத்தில் நாம் இன்னும் பாதி வழிதான் வந்திருக்கிறோம். குழந்தைகளின் எண்ணிக்கை குறைந்தது. யார் உடம்பில், யார் தீர்மானத்தில், யார் நிம்மதியை விலை கொடுத்து என்ற கேள்விகள் அப்படியே இருக்கின்றன.

பிரசவத்துக்குப் பின்வரும் மனச்சோர்வைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். குழந்தை பிறந்த மூன்றாம் நான்காம் நாளில் காரணமில்லாமல் அழுகை வருவது சகஜம். ஹார்மோன்கள் சரசரவென்று இறங்குவதால் வருவது. இரண்டு வாரத்துக்குள் தானாகச் சரியாகும். அதைத் தாண்டியும் தூக்கம் வராமல், பசியில்லாமல், குழந்தையைத் தூக்கவே மனமில்லாமல், நான் எதற்கும் லாயக்கில்லை என்ற நினைப்போடு இருந்தால் அது நோய். சிகிச்சை உண்டு, குணமாகும். இந்தியாவில் நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2017-இல் வெளியான ஒரு கட்டுரை, ஏறத்தாழ ஐந்தில் ஒரு தாய்க்கு இந்தப் பிரச்சினை இருப்பதாகக் கணக்கிட்டது. பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியச் சோறு போடுகிறோம், காயம் அரைத்துக் கொடுக்கிறோம், வெந்நீர் ஊற்றுகிறோம். "மனசு எப்படிம்மா இருக்கு?" என்று மட்டும் கேட்பதில்லை. அம்மாக்களே, மாமியார்களே, இந்த ஒரு கேள்வியை உங்கள் பத்திய முறையில் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த நேரத்தில் அடுத்த கர்ப்பம் பற்றிய பயமும் சேர்ந்தால் அவள் தாங்க மாட்டாள். பிரசவத்துக்கு முன்பே கருத்தடை பற்றிக் கணவனும் மனைவியும் டாக்டரிடம் பேசி முடிவெடுத்துவிடுவது இதனால்தான் முக்கியம்.

மன அழுத்தத்துக்கு என்ன வழி என்று கேட்டு எழுதியவர்களுக்கு மூச்சுப் பயிற்சி செய்யுங்கள், நடைப் பயிற்சி செய்யுங்கள் என்று சொல்லி முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. இரண்டும் நல்லவைதான், செய்யுங்கள். ஆனால் பயத்துக்கு நிஜமான காரணம் இருக்கும்போது, காரணத்தைத்தான் முதலில் தீர்க்க வேண்டும். உங்களுக்கு ஒத்துவரும் ஒரு முறையைத் தேர்ந்தெடுங்கள். ஒத்துவரவில்லை என்றால் வேறு முறைக்கு மாறுங்கள். மாறுவது தோல்வி இல்லை. மாதவிலக்குத் தேதி கணவருக்கும் தெரியட்டும். அவருடைய கைபேசியிலும் குறித்துவைக்கச் சொல்லுங்கள். டாக்டரிடம் போகும்போது அவரையும் உள்ளே அழைத்துப் போங்கள், வெளியே வண்டியில் உட்கார வைக்காதீர்கள். வேண்டாம் என்று சொல்லும் உரிமை மனைவிக்கும் உண்டு என்பதை வீட்டில் பேசுங்கள். வற்புறுத்தலும் அடியும் இருக்கிற வீட்டில் இந்த யோசனைகள் எதுவும் செல்லாது. அங்கே இருப்பவர்கள் 181 என்ற பெண்கள் உதவி எண்ணை அழையுங்கள்.

மனம் தாளவில்லை என்றால் 14416 என்ற எண்ணில் அரசின் டெலி மானஸ் மனநல ஆலோசனை இலவசமாகக் கிடைக்கிறது. தமிழிலும் பேசலாம். உடல்நலச் சந்தேகங்களுக்குத் தமிழ்நாட்டில் 104 இருக்கிறது. இந்த எண்களை இன்றே கைபேசியில் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள். வளர்ந்த பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும் சொல்லுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இந்தப் பக்கத்தைப் படிப்பவர் பெண் என்றால், இதழை மூடி வைக்காமல் வீட்டுக்காரரிடம் கொடுங்கள். ஆண் என்றால், டிசம்பர் 4-ஆம் தேதிக்குள் ஒரு நாள் மனைவியோடு பக்கத்து அரசு மருத்துவமனைக்குப் போய்க் கேட்டுப் பாருங்கள். சிகிச்சை செய்துகொள்வதும் செய்துகொள்ளாததும் உங்கள் இருவரின் விருப்பம். ஆனால், "அவகிட்ட பேசிக்கோங்க" என்று இனிமேல் சொல்லாதீர்கள். குழந்தை இருவருக்கும் சொந்தம் என்றால், கவலையும் இருவருக்கும் சொந்தம்தான்.

அன்புடன்,
ஆசிரியர்